கட்டில் காலுக்கு ஒரு கல்

வேரறிவு மற்றும் சமூகம்சார் ஆய்வுமுறைகளுக்கான உயர்மையம் நாலாவது மாடியில் இருந்தது. வேர் எதற்காக நாலாவது மாடிக்குப் போனது என்று யாரும் கேட்டதில்லை. மின்தூக்கி பழுதான நாட்களில் மட்டும் சிலருக்கு அந்தச் சந்தேகம் வரும். மூச்சு வாங்கியதில் அதுவும் மறந்துபோகும். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. 'செருப்பையும் அகந்தையையும் வெளியே விடவும்' என்று அதில் எழுதி ஒட்டியிருந்தார்கள். செருப்புக்கு மட்டும் அலமாரி இருந்தது.

சின்னவள் அங்கே படிக்க வந்ததற்குக் காரணம் மீன்கள். வீட்டுக்கு இளையவள் என்பதால் அவளை ஊரே சின்னவள் என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய ஆட்கள் ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துப் பிழைப்பவர்கள். சில வருடங்களாக அந்த ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. மேட்டுத் தொழிற்சாலையின் வாய்க்கால் திறக்கிற போதெல்லாம் இது நடக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நீர் வாரியத்துக்குப் போய் அதைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் வாய்ப்பேச்சுங்க, ஆய்வு இல்லை" என்றார்.

"அப்ப எதுங்க ஆய்வு?"

"ஒரு ஆய்வு மையத்துல பதிவான ஆள் இதையே எழுதிக் கொடுத்தா அது ஆய்வு."

"இதையேவா?"

"இதையேதான்."

ஊரில் கல்லூரி வாசலை மிதித்தவள் சின்னவள் ஒருத்திதான். அப்பா வீடு வீடாகப் போய்ப் பேசினார். எல்லோரும் சொன்னதைச் சின்னவள் எழுதி எடுத்துக்கொண்டாள். மழைக்கு முன்னால் வாரியம் விசாரணை வைத்திருந்தது. அன்றைக்கு அவள் பெயர் மையத்தின் பதிவில் இருந்தால் ஊரின் பேச்சு ஆய்வாகிவிடும். இல்லாவிட்டால் பழையபடி வாய்ப்பேச்சுதான். பஸ் ஏறும்போது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "என்ன ஆனாலும் பாதியில விட்டுட்டு வந்துடாதே."

மையத்தில் அவளை வரவேற்ற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இயக்குநர் அம்மா எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது. "இத்தனை வருஷமா சமூகத்தைப் பத்தியே பேசிட்டு இருக்கோம். இப்பதான் சமூகமே நேர்ல வந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே சமூகம் என்றாகிவிட்டது. சமூகம் சாப்பிட்டாச்சா, சமூகத்துக்கு நாற்காலி போடுங்க, சமூகம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிங்க. அப்படிச் சிரித்த படம் மையத்தின் கையேட்டு அட்டையில் வந்தது. அதில் அவள் பின்னால் ஏரி இருந்தது. வேறு ஏதோ ஏரி, தண்ணீர் நல்ல நீலமாக இருந்தது.

பாடத்தின் பெயர் 'உறவே முறை'. ஆராய்கிறவன் மேலே, ஆராயப்படுகிறவன் கீழே என்ற பழைய அகம்பாவத்தை உடைத்து, மக்களின் அறிவை மக்களோடு உறவாடிப் பெறுவது என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் வாரம் சின்னவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. பிறகுதான் கல்லைக் கொண்டு வந்தார்கள்.

உள்ளங்கை அகலத்தில், அடி தட்டையான, சாம்பல் நிறக் கல். வகுப்பில் மேசை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. பேசியது பிடித்திருந்தால் கை தட்டக் கூடாது, இரண்டு கைகளையும் காற்றில் ஆட்ட வேண்டும். எங்கோ ஓர் இனத்தார் இப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. கல்லை, தூரதேசத்தில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போன இயக்குநர் அம்மா, தங்கியிருந்த விடுதியின் தோட்டத்திலிருந்து கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மையத்தின் எந்த முடிவும், கழிப்பறைக்கு வாளி வாங்குவது உட்பட, கல்லைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே எடுக்கப்பட்டது. கழிப்பறையில் இன்னும் வாளி இல்லை.

முதல் தேர்வில் ஒரே கேள்விதான்: நீருடன் உங்கள் உறவை விளக்குக. சின்னவள் யோசித்துப் பார்த்து, 'குடிப்போம், குளிப்போம், மீன் பிடிப்போம், வெள்ளம் வந்தால் திட்டுவோம்' என்று எழுதினாள். அவள் பக்கத்து நாற்காலிக்காரர் முன்பு விளம்பரக் கம்பெனியில் இருந்தவர். அவர் 'நானே நீர்' என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். முதல் மதிப்பெண் அவருக்கு. சின்னவள் தேறவில்லை. பாடத்தின் ஒருங்கிணைப்பாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசைத் தளர விடாதே. உன் பதில்ல உன் சமூகத்தோட குரல் வரலை, அதான்" என்றார். கெட்டவர் இல்லை அவர். கவலைப்படும் முகம், கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை. சொல்வதை எல்லாம் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் அவரிடம் இருந்த கஷ்டம்.

அன்று சாயங்காலம் போனில் இதையெல்லாம் சொன்னபோது அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கல்லு இல்லாதவன் என்னம்மா பண்ணணும்?"

"சும்மா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்ப்பா."

"அதைத்தானே நாம காலங்காலமா பண்ணிட்டு இருக்கோம். இதுக்குப் படிப்பு வேறயா?" சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க நேரமாயிற்று. பிறகு கேட்டார்: "தட்டையான கல்லுன்னா சொன்னே?"

"ஆமாப்பா."

"வரும்போது அதைக் கொண்டா. இந்தக் கட்டில் கால் ஒண்ணு குட்டையா இருக்கு. புரண்டு படுத்தா டக்கு டக்குனு சத்தம், உங்கம்மா முழிச்சுக்கிறா. ஏரியில கிடக்கிறதெல்லாம் உருண்டைக் கல்லு, முட்டுக் கொடுத்தா நிக்க மாட்டேங்குது."

"ராத்திரியில தூங்காம என்ன புரண்டு புரண்டு படுக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் அப்பா.

சும்மா இல்லை என்பது மறுவாரம் தெரிந்தது. அண்ணன் கூப்பிட்டான். "நெஞ்சுல நீர் கோத்திருக்காம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டார் டாக்டர். நான் போன் பண்றது அப்பாவுக்குத் தெரியாது. உன்னையே கேட்டுக்கிட்டு இருக்கார், ஆனா வரச் சொல்லாதேங்கறார். ஊர் காரியம் கெட்டுடும்னு பயப்படறார்."

சின்னவள் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த அலுவலக அக்காதான் அந்த நாலாவது மாடியில் சுற்றி வளைக்காமல் பேசுகிற ஒரே ஆள். அக்கா விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சொல்லாம போனா பேரை எடுத்துடுவாங்க. வட்டம் அனுமதிச்சாத்தான் போகலாம். உறவைப் பத்திப் படிக்கிற படிப்புல உறவுக்காரங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா லீவு கிடையாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

இயக்குநர் அம்மா மறுபடியும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நானா இருந்தா இந்த நிமிஷமே போன்னு சொல்லுவேன். ஆனா நான் யாரு அதைச் சொல்ல? மேல உட்கார்ந்துகிட்டு ஒருத்தர் உத்தரவு போடறது அந்தக் காலத்து அதிகாரம். அதை உடைக்கத்தான் இந்த மையமே. உன் துக்கத்தை வட்டத்துக்குக் கொண்டு வா. வட்டம் அதைத் தாங்கிக்கும்."

"அம்மா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்னு சொல்றாங்க."

"போடலாம்தான். அப்புறம் எனக்கும் மத்த இயக்குநர்களுக்கும் என்ன வித்தியாசம்?"

வட்டம் கூடியது. கல் இயக்குநர் அம்மாவிடமிருந்து புறப்பட்டது. அவர் தன்னுடைய தந்தையைப் பற்றிப் பேசினார். தந்தை தன்னை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியபோது அழுததைச் சொல்லி அழுதார். கைகள் காற்றில் ஆடின. அடுத்தவர் தனக்குத் தந்தையோடு பேச்சுவார்த்தை இல்லாததைச் சொன்னார். விளம்பரக்காரர் ஏரியே தந்தை என்றார். எல்லோரும் நெகிழ்ந்து போயிருந்தார்கள். கல் சின்னவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி வந்தபோது, அறையைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி வந்து நின்றார். மீதியை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம் என்று எழுந்தார்கள். போகும்போது பலர் அவள் தோளைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் கல் அவளிடம் வந்தது. "அப்பாவுக்கு ரொம்ப முடியலை. லீவு வேணும்" என்றாள். வேறு என்ன சொல்வது? ஆனால் அவள் சொன்ன லீவு என்ற சொல் வட்டத்தை வாட்டியது. அது ஆலைச் சங்கு காலத்துச் சொல்; தன் மக்களிடம் போகிற ஒருத்தியை வேலைக்கு மட்டம் போடுகிறவளாகக் காட்டுகிறது. விடுப்பு என்றாலும் அதே குற்றம்தான். புதிய சொல் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகே கோரிக்கையை எடுக்க முடியும் என்று முடிவாகி, சொல் தேட ஒரு குழு போட்டார்கள். குழுவில் சமூகத்தின் பிரதிநிதி வேண்டும் அல்லவா? சின்னவளைப் போட்டார்கள்.

அன்று அவள் துணிமணியை மூட்டை கட்டிவிட்டு அப்பாவுக்கு போன் செய்தாள். "நான் கிளம்பி வரேன்ப்பா. பேரை எடுத்தா எடுக்கட்டும்."

அப்பாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வீடு வீடாப் போய்ச் சொல்லி வச்சிருக்கேன்டா கண்ணு. நீ எழுதிக் கொடுத்துடுவேன்னு. இப்ப வந்துட்டேன்னா அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நான் எங்கே போயிடப் போறேன்? அனுமதி வாங்கிட்டு வா." பின்னால் கட்டில் டக்கு டக்கு என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சின்னவள் போனை வைக்காமல் வெகுநேரம் இருந்தாள். மூட்டையை அவிழ்க்கவில்லை.

குழு கண்டுபிடித்த சொல் 'வேர்ப்பயணம்'. மூன்றாம் கூட்டம் அதைக் கைகளை ஆட்டி ஏற்றது. இனி அனுமதிதான் என்று சின்னவள் எழுந்தே விட்டாள். அப்போது ஒருங்கிணைப்பாளர் கல்லை வாங்கிக்கொண்டு, மிகுந்த வருத்தத்தோடு ஒரு நுட்பத்தைச் சொன்னார். வேர்ப்பயணம் என்றால் அவள் தன் சமூகத்திடம் போகிறாள். மாணவி சமூகத்திடம் போனால் அது கள ஆய்வு. கள ஆய்வுக்குப் போவதற்கு முன்னால் சமூகத்தின் சம்மதம் வேண்டும். மக்களைக் கேட்காமல் மக்களிடம் போய் நிற்பது வன்முறை.

"அது எங்க வீடு சார்" என்றாள் சின்னவள். கல் கையில் இல்லாததால் அது பேச்சாகக் கணக்கில் வரவில்லை.

கல் அவளிடம் வந்ததும் மறுபடி சொன்னாள். ஒருங்கிணைப்பாளர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "நம்ம வீடுதானேங்கிற அந்த உரிமைதான் ஆபத்து. யாரைப் பார்க்கப் போறே? அப்பாவை. அப்ப அவர் சம்மதிக்கணும். நாளைக்கு ஒருத்தர் நம்மைப் பார்த்து, ஒரு நோயாளியைக் கேட்காம போய்ப் பார்த்தீங்களேன்னு கேட்டுடக் கூடாது பாரு."

ஆக, மகள் தன்னைப் பார்க்க வருவதற்கு அப்பா சம்மதம் சொல்ல வேண்டும். வட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்கள். ஊரில் சின்னவளின் அம்மா போனை எடுத்து அப்பாவின் காதருகே பிடித்தாள். இயக்குநர் அம்மா குனிந்து, போனிடம் வணக்கம் சொன்னார்.

"ஐயா, உங்க மண்ணுக்கும் உங்க ஏரிக்கும் எங்க நன்றி. உங்க மகள் உங்களோட உறவாட வரணும்னு விரும்பறாங்க. அதனால உங்களுக்கு ஏற்படக்கூடிய சங்கடங்கள் என்னன்னு முதல்ல விளக்கிடறேன்..."

"அம்மா" என்றது போன். மூச்சு இழுக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "அனுப்பி வைங்கம்மா. எனக்குப் பார்க்கணும் போல இருக்கு."

அத்தனை கைகளும் காற்றில் ஆடின. இயக்குநர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவளும் அழுதாள். அப்பா வாயைத் திறந்து வா என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அது போதும். போனை எடுத்து, "இதோ வந்துடறேன்ப்பா" என்று சொல்லி வைத்தாள்.

கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்த ஒருங்கிணைப்பாளரின் பேனா நின்றது. ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் இயக்குநரைப் பார்த்தார். கல் வந்து சேர்ந்ததும் ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லவே சங்கடமா இருக்கு. அப்பா பேசினப்ப அவர் கையில கல் இல்லை."

நியாயம்தான். கல் இல்லாமல் பேசியது பேச்சில்லை; பேச்சில்லாதது சம்மதம் இல்லை. கல்லை அப்பாவிடம் அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். அது முடியாது, கல் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. கல்லுக்கும் அது இருக்கும் இடத்துக்கும் உள்ள உறவை அறுப்பது பாவம் என்றார், விடுதித் தோட்டத்திலிருந்து அதைக் கைப்பையில் கொண்டு வந்த இயக்குநர் அம்மா. அப்படியென்றால் அப்பாவை இங்கே அழைத்து வரலாமே என்றார் விளம்பரக்காரர். அதையும் பேசினார்கள். மின்தூக்கி வேலை செய்யாத விஷயம் அதில் குறுக்கே வந்தது.

சின்னவள் கூட்டம் முடியும் வரை இருக்கவில்லை. ஆனாலும் அவள் கிளம்பியது பிந்திப்போயிற்று. அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மாணவர் விடுதி அறையில் மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியும் முன்னே அண்ணன் கூப்பிட்டான். பின்னால் அம்மா அழுவது கேட்டது. கட்டில் சத்தம் கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் மையம். வாசலில் ஒருங்கிணைப்பாளர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. "முடிஞ்சுது! காவலாளிகிட்ட சாவியை வாங்கிக்கிட்டு ராத்திரி முழுக்கப் பேசினோம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. மேல வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்." அவள் வாயைத் திறப்பதற்குள் மூட்டையை வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார். மூட்டைக்குப் பின்னால் அவளும் ஏறினாள்.

வட்டம் தயாராக இருந்தது. ஒருவருக்கும் தூக்கம் இல்லை, கண்கள் சிவந்திருந்தன. உண்மையிலேயே அவளுக்காக விழித்திருந்தார்கள். இயக்குநர் அம்மா எழுந்து நின்று தீர்மானத்தைப் படித்தார். நல்ல நடை. சமூகத்தின் மகள், நீரின் மகள், தந்தையைச் சந்திக்கும் நோக்கத்தோடு மேற்கொள்ளும் வேர்ப்பயணத்தை இம்மையம் மகிழ்வோடு வரவேற்கிறது என்று முடிந்தது. கைகள் ஆடின. "சமூகம் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று கல்லை அவள் கையில் வைத்தார்.

"அப்பா செத்துட்டார்" என்றாள் சின்னவள்.

கைகள் இறங்கின. இயக்குநர் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அது பொய்யில்லை. அவர் மெதுவாகக் கையை நீட்ட, சின்னவள் ஒன்றும் புரியாமல் கல்லைக் கொடுத்தாள். அவர் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த இழப்பு நம்ம எல்லாருடையதும். ஆனா பயணத்தோட நோக்கம் மாறிடுச்சே. தந்தையைச் சந்திக்கிறதுன்னு தீர்மானத்துல இருக்கு. நாம மறுபடியும் உட்காரணும்." சொல்லிவிட்டு, முதலில் பேச வேண்டியவள் அவள்தானே என்று கல்லைத் திரும்ப அவளிடமே தந்தார்.

சின்னவள் கல்லைப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. நிற்கும்.

ஒரு வார்த்தையும் பேசாமல் மூட்டையை எடுத்துக்கொண்டு, கல்லோடு கதவைத் திறந்து வெளியே நடந்தாள். அவளைக் கூப்பிட ஒருவராலும் முடியவில்லை. கல் அவள் கையில் அல்லவா இருந்தது! கண்ணாடிக்குப் பின்னால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு தவித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மட்டும் இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அதற்கு நன்றாகச் சொன்னாய் என்றுதான் அங்கே அர்த்தம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெயில் காலம், வைத்திருக்க முடியவில்லை என்றான் அண்ணன். அவள் நேரே உள்ளே போனாள். அப்பாவின் கட்டிலைத் தூக்கி, குட்டைக் காலுக்கு அடியில் கல்லை வைத்தாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது. அம்மா கட்டில் மேல் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். சத்தம் வரவில்லை. அப்போதுதான் இருவரும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்கள்.

அலுவலக அக்கா போன் செய்தார். "உன் பேரை இன்னும் எடுக்கலை. எடுக்கணும்னா வட்டம் கூடணும், கூடணும்னா கல்லு வேணும். விசாரணை முடியற வரைக்கும் அதைத் திருப்பித் தந்துடாதே, தாயே." அந்தப் புண்ணியத்தில், சின்னவள் எழுதிக் கொடுத்த ஊரின் பேச்சு விசாரணையில் ஆய்வாக ஏறியது. இது முக்கியமான ஆய்வு என்று அதிகாரி சொன்னாராம். ஒரு வார்த்தைகூட மாறவில்லை, அப்பா சொன்ன அதேதான். கேட்கத்தான் அவர் இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒருங்கிணைப்பாளர் வந்தார். நனைந்த சால்வையோடு வாசலில் நின்றவரை அம்மா உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மையத்தில் யாரும் கூடிப் பேச முடியவில்லை, எந்த முடிவும் எடுக்க முடியவில்லை, எல்லோரும் சைகையிலேயே காலம் தள்ளுகிறார்கள் என்றார். மெலிந்து போயிருந்தார். அப்பா கடைசியாக எங்கே இருந்தார் என்று கேட்டார்.

"நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான்" என்றாள் அம்மா.

அவர் பதறி எழுந்தார். எழுந்தவர் கட்டில் காலைப் பார்த்துவிட்டார். சாம்பல் நிறக் கல், தட்டையாக, அழுந்தி உட்கார்ந்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கட்டிலைக் கொஞ்சம் தூக்கினா... எடுத்துக்கலாமா?"

சின்னவள் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. அவர் பேசுவது போலவே மெதுவாக, பொறுமையாகச் சொன்னாள். "நான் மட்டும் முடிவெடுக்கிறது முறையில்லை சார். எங்க வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேசணும். எல்லாரும் சம்மதிக்கணும். அம்மா இருக்காங்க, அண்ணன் இருக்கான், நான் இருக்கேன். இன்னும் ஒருத்தர் வரணும்."

"யாரு?"

"கட்டிலுக்குச் சொந்தக்காரர். அவர் வந்ததும் கேட்டுச் சொல்லி அனுப்பறோம்."

ஒருங்கிணைப்பாளர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். வெளியே மழை பலத்தது, போகவும் வழியில்லை. அம்மா சொன்னதால் மறுபடியும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டில் ஆடவில்லை.